மூன்றாம் தண்ணீருக்கு முன்

தங்கையின் புருஷன் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் போன் எடுத்தான். நான் பண்டாரவளையில் என் தையல் கடையில் ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். மெஷின் சத்தத்தில் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை.

"அக்கா, வீட்டுக்கு அம்மா வந்திருக்குங்க. ஞாயித்துக்கெழம நீங்க வர வேணாம். அப்பறமா சொல்றேன்."

"சரி தம்பி" என்று வைத்துவிட்டேன்.

எங்கள் அம்மா அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறாள். தங்கையை ஸ்பிரிங்வெளிப் பக்கம் இன்னொரு தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவள் ஏழு மாதம் முழுகாமல் இருந்தாள், முதல் பிள்ளை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் புளிச்சோறு, தேங்காய்ச்சோறு என்று வகைவகையாகக் கட்டிக்கொண்டு போய், அவளுக்கு வளையல் போட்டுவிட்டு வருவதாகப் பேசி வைத்திருந்தோம். அவர்களுக்கு இருப்பது லயத்து வரிசை வீட்டில் ஒரு காம்பரா அறையும், முன்பக்கம் இஸ்தோப்பு என்று ஒரு திண்ணையும். அதில் மாமியார் வேறு. இப்போது அம்மாவும் போய்விட்டாளா, சரி, இன்னொரு ஆளுக்குப் படுக்க இடமில்லை, அதனால்தான் வர வேண்டாம் என்கிறான் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அம்மா சின்ன மகள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாளே என்று எனக்கு எரிச்சல். வீம்புக்கு நான் அம்மாவுக்குப் போன் எடுக்கவில்லை. எனக்கு வீம்பு கொஞ்சம் அதிகம் என்று என் புருஷன் சொல்வார். அவர் குறைத்துத்தான் சொல்கிறார்.

சனிக்கிழமை சாயங்காலம் வீம்பு தளர்ந்து, அம்மாவுக்கே போன் எடுத்தேன்.

"என்னா, சின்ன மக வீட்டுல சொகமா இருக்கியா?" என்றேன், குத்தலாகத்தான்.

"நான் எங்கடி போனேன்? இங்க அடுப்படியில கீர ஆஞ்சுகிட்டு இருக்கேன்."

அம்மாவுக்குத்தான் முதலில் விளங்கியது.

"எந்த அம்மா வந்திருக்குன்னு கேட்டியாடி?" என்றாள்.

எங்கள் ஆட்களுக்கு அம்மை ஒரு நோய் இல்லை. மாரியம்மா வீட்டுக்கு வருகிறாள், உடம்பில் முத்துப் போடுகிறாள், கொஞ்ச நாள் விளையாடிவிட்டு இறங்கிப் போகிறாள். வந்திருப்பவளை யாராவது நோய் என்று பேர் சொல்லிக் கூப்பிடுவார்களா? அதனால் "அம்மா வந்திருக்கு" என்றுதான் சொல்வது. பெற்ற தாய் பஸ் ஏறி வந்தாலும் அதே சொல்தான். தோட்டத்தில் இருக்கிறவர்களுக்குச் சொல்லுகிற தோரணையிலேயே எந்த அம்மா என்று விளங்கிவிடும். எனக்கும் ஒரு காலத்தில் விளங்கியிருக்கும். கலியாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்து, கத்தோலிக்கக் குடும்பத்துக்கு வந்து, டவுனில் கடை வைத்து, என் காதும் வேதத்துக்கு மாறிவிட்டது போலிருக்கிறது.

ஆஸ்பத்திரி யூனிபோம் தைக்க என்னிடம் வரும் நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள். உடனே அவளுக்குப் போன் எடுத்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் குரல் மாறிவிட்டது.

"புள்ளத்தாச்சிக்கு வந்தா நெஞ்சுல எறங்கும் அக்கா. இருமல் இருக்கா, மூச்சு வாங்குதான்னு கேளுங்க. இருந்தா வீட்டுல வச்சிருக்கவே கூடாது. தாயும் போயிரும், புள்ளையும் போயிரும்."

தங்கையின் புருஷனைக் கேட்டேன். "இருமல் லேசா இருக்குங்க. அம்மா உள்ளயும் எறங்கி வெளையாடுதுன்னு பூசாரி சொன்னாரு" என்றான். தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் அதற்குள் போய்விட்டிருந்தது. அந்த இரவு நான் தூங்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் முதல் பஸ்ஸில் ஏறி, பதுளை வழியாகத் தோட்டத்துக்குப் புறப்பட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, அங்கே போய் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். நாட்டு மருந்து என்றால் முகம் சுளிக்கிற ஆள் இல்லை நான். தடிமன் என்றால் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துத்தான் என் வீட்டிலும் குடிக்கிறோம். என் புருஷனுக்குக் கை முறிந்தபோது ஆஸ்பத்திரியில் கட்டிய கட்டைப் பாதியிலேயே வெட்டிவிட்டு, வெதமாத்தயா என்கிற சிங்கள நாட்டு வைத்தியரிடம் போய் எண்ணெய்ப் பத்துப் போட்டுக்கொண்டு வந்தார். கை நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் கோயில் ஃபாதரே முழங்கால் வலிக்கு அதே வெதமாத்தயாவிடம் போவது எல்லோருக்கும் தெரியும்.

ஏன் நம் ஆட்கள் அப்படிப் போகிறார்கள் என்றும் எனக்குத் தெரியும். நான் தோட்டத்தில் இருந்த காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போனால், விடியலிலிருந்து வரிசையில் நின்று, கடைசியில் நம் முகத்தைப் பார்க்காமலே ஒரு வெள்ளை மாத்திரையைக் கையில் வைப்பார்கள். தலைவலிக்கும் அதுதான், வயிற்றுவலிக்கும் அதுதான். என்ன வருத்தம் என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். நாட்டு வைத்தியர் அப்படி இல்லை. பாயில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, என்ன சாப்பிட்டாய், எப்படித் தூங்கினாய் என்று கேட்பார். பாதி நோய் அந்தக் கேள்வியிலேயே குறையும். மீதிப் பாதி எங்கே போகிறது என்பதுதான் எனக்குப் பயம்.

லயத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் வேப்பிலைக் கொத்து சொருகியிருந்தது. எங்கள் குளிரில் வேம்பு வளராது. தங்கையின் புருஷன் மஹியங்கனைப் பக்கம் வரை பஸ்ஸில் போய் ஒடித்துக்கொண்டு வந்திருந்தான். அடுத்து நான் கவனித்தது வாசனை இல்லாததை. ஞாயிற்றுக்கிழமை, லயம் முழுக்க அடுப்பு எரிகிறது, ஆனால் ஒரு வீட்டிலும் கடுகு தாளிக்கவில்லை, கருவாடு பொரிக்கவில்லை. அம்மா வந்திருக்கிற வீட்டுக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் புகை ஆகாது. குழாயடியில் ஒரு வாளித் தண்ணீருக்கு முடியைப் பிடித்துக்கொள்கிற பெண்கள், என் தங்கைக்காக உப்பும் மிளகாயுமாகத் தின்றுகொண்டிருந்தார்கள். சண்டைக்கென்று வந்த நான் செருப்பைத் தள்ளியே கழற்றி வைத்தேன்.

மாமியார் வாசலிலேயே மறித்தாள்.

"கால் மொகம் கழுவிட்டு வாம்மா. கறி மீனு எதும் சாப்புட்டியா?"

"இல்ல அத்த. எங்களுக்குத் தபசு காலம்."

அது உண்மை, ஈஸ்டருக்கு முந்தின அந்த நாற்பது நாளும் நாங்கள் கறி மீன் தொடுவதில்லை. இரண்டு வீட்டுச் சாமிகளும் அந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். மஞ்சள் தண்ணீரில் கால் கழுவி உள்ளே போனேன். சின்ன வயதில் எனக்கும் அம்மை போட்டிருந்ததால் கிட்டப் போகப் பயமில்லை.

தங்கை வெள்ளை வேட்டி விரித்து வேப்பிலை பரப்பிய பாயில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். முகம், கழுத்து, அந்தப் பெரிய வயிறு எல்லாம் முத்து. உதடு கருநீலமாக இருந்தது. "அக்கா" என்று கூப்பிட முயன்றாள். "அக்" என்று சொல்லி, ஒரு மூச்சு இழுத்து, அப்புறம்தான் "கா" வந்தது. நாலு வார்த்தை பேசுவதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. விலா எலும்பு உள்ளே போய் வெளியே வந்தது. நர்ஸ் சொன்னது என் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்" என்றேன்.

"மூணாந் தண்ணி ஊத்தாம வாசப்படி தாண்டக் கூடாதும்மா" என்றாள் மாமியார். சத்தமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாததைச் சொல்லித் தருகிற மாதிரிச் சொன்னாள். முத்து வாடியதும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். நாள் விட்டு அப்படி மூன்று தடவை. மூன்றாம் தண்ணீர் ஊற்றினால்தான் அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்று அர்த்தம். தங்கைக்கு இன்னும் முதல் தண்ணீரே ஊற்றவில்லை.

"அதுவரைக்கும் இவ இருக்க மாட்டா அத்த."

"அப்புடிச் சொல்லாத. கேட்டுகிட்டு இருக்கா." தங்கையைச் சொல்லவில்லை. அம்மனைச் சொன்னாள். "மேட்டு லயத்துல ஒரு புள்ளைய இப்புடித்தான் தூக்கிட்டுப் போனாங்க. ஊசி போட்டாங்க. பொட்டிலதான் திரும்பி வந்துச்சு. உங்க சாமிக்கு ஆஸ்பத்திரி ஆவும், எங்களுக்கு ஆவாது."

அதற்கு மேல் நான் எதைச் சொன்னாலும் வேதக்காரி சொல்வதாகத்தான் போனது. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றால் வேதம் பேசுகிறேன். மூச்சு முட்டுகிறது என்றால் வேதம் பேசுகிறேன். கழுத்தில் சிலுவையோடு வந்து நின்று எங்கள் சாமியை நோய் என்கிறாள் என்று வாசலில் கூடிய பெண்கள் முணுமுணுத்தார்கள். அவர்களில் ஒருத்திகூட என் தங்கை சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்னும் ஆத்திரம் வருகிறது. தங்கையின் புருஷன் என்னையும் தாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். "நீ சொல்லு தம்பி, உன் பொண்டாட்டிதான" என்றேன். "எனக்கு ஒண்ணும் வெளங்கலங்க" என்று அழுதான்.

இவர்களை நான் பேசி அசைக்க முடியாது. அம்மன் போகச் சொன்னால் மட்டும்தான் விடுவார்கள். சரி, அவளிடமே கேட்டுவிடுவோம் என்று தோன்றியது.

"பூக்கட்டிப் பாப்போம்" என்றேன்.

வேதக்காரி வாயிலிருந்து அது வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மாமியாரால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. அம்மனிடம் உத்தரவு கேட்பதை யார் தடுப்பது? ஆளனுப்பிப் பூசாரியைக் கூப்பிட்டார்கள்.

பூசாரி தோட்டத்துத் தேயிலைப் பெக்டரியில் வேலை செய்கிறவர். வேலை முடிந்தால்தான் கோயில். அம்மா வந்த வீட்டுக்கெல்லாம் கூப்பிடாமலே போய்ப் பாட்டுப் படித்து விபூதி போட்டுவிட்டு வருகிற மனிதர், அதற்கு ஒன்றும் வாங்குவதில்லை. வந்தவர் காம்பராக் கதவில் கைவைத்துக்கொண்டு தங்கையை வெகுநேரம் பார்த்தார். அவள் இருமி முடிக்கும் வரை பார்த்தார். பிறகு வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பறித்து வரச் சொன்னார். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் போகக் கூடாது.

தட்டைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார். தங்கையின் புருஷன் பின்னால் நகர்ந்துகொண்டான். நான் வாங்கிப் பிடித்தேன். பூசாரி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, வாழையிலைக் கிழிசலில் இரண்டு பொட்டலம் மடித்து, நாரால் கட்டி, நான் பிடித்த தட்டில் போட்டுக் குலுக்கச் சொன்னார். சிவப்பு வந்தால் இவளை இழுத்துக்கொண்டாவது ஓடிவிட வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன். நடந்திருக்காது. லயமே திரண்டு நின்றது. என் வாய் பிரியதத்த மந்திரத்தைத்தான் முணுமுணுத்தது. மாரியம்மன் விளக்குக்கு முன்னால் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். எந்தத் தாயாவது காப்பாற்றினால் போதும் என்றிருந்தது.

"நீங்களே எடுங்க" என்று மாமியாரிடம் சொன்னார் பூசாரி.

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். வெள்ளை.

அதற்குப் பிறகு ஒருத்தரும் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. மறித்துக்கொண்டு நின்ற அதே பெண்கள்தான் நாற்காலி கொண்டு வந்தார்கள். அதில் தங்கையை உட்காரவைத்து நாலு பேர் ரோட்டு வரைக்கும் தூக்கினார்கள். மாமியார் மஞ்சள் துணியில் வேப்பிலை முடிந்து அவள் கையில் கட்டினாள். ஆட்டோ இறக்கத்தில் வளைந்து வளைந்து போக, தங்கை என் தோளில் சாய்ந்து மூச்சுக்குப் போராடினாள். பூசாரி ரோட்டோரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அவளைத் தனி அறையில் போட்டு, முகமூடி மாட்டி ஒட்சிசன் கொடுத்தார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண். தமிழ் தெரியாது, ஆனால் மெதுவாக, எனக்கு விளங்குகிற சிங்களத்தில் சொன்னாள். இன்னும் ஒரு நாள் வைத்திருந்தால் கொண்டு வந்தே பிரயோசனம் இல்லை என்றாள். பிள்ளையைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றாள்.

அடுத்த நாள் கட்டிலுக்கடியில் கூட்ட வந்த அட்டெண்டன் பெண், கதவைப் பார்த்துக்கொண்டே, சட்டைக்குள்ளிருந்து ஒரு சின்ன வேப்பங்கொத்தை எடுத்துத் தங்கையின் தலையணைக்கடியில் சொருகினாள். நான் பார்த்துவிட்டேன். "தெய்யங்கே லெடே நே" என்றாள் மெதுவாக. தெய்வங்களின் நோய் அல்லவா, அவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். வீட்டில் தன் பிள்ளைகளுக்கு வந்தபோதும் அப்படித்தான் வைத்தாளாம். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அந்த இலையை நான் எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் பிள்ளையின் இதயத்துடிப்பு நின்றுவிட்டது. ஆம்பளைப் பிள்ளை. தங்கை அதைப் பெற்றெடுத்த நேரத்தில் அவளுக்கே பாதி நினைவுதான் இருந்தது. பிறகு பல நாள் அவளும் போவதா இருப்பதா என்று கிடந்தாள். அம்மா அப்புத்தளையிலிருந்து வந்து, ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து, என்னைப் பார்த்து அழுதாள். நான் அழவில்லை. அழுதால் தங்கையையும் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று ஆகிவிடும் போலிருந்தது. ஒரு நாள் காலையில் முகமூடியைக் கழற்றிவிட்டு, "பசிக்குதுக்கா" என்றாள். அன்றைக்குத்தான் கழுவுமிடத்தில் போய் நின்று கதறினேன்.

அவள் தேறி வருகிற சமயத்தில் தங்கையின் புருஷன் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டான்.

"அக்கா, எங்கம்மா தட்டக் கழுவப் போறப்ப மத்தப் பொட்டலத்தையும் பிரிச்சுப் பாத்துருக்கு. அதுலயும் வெள்ளப் பூதானாம்."

எனக்கு உடனே விளங்கவில்லை.

"ரெண்டும் வெள்ள" என்றான். "தட்டு உங்க கையிலதான இருந்துச்சுன்னு லயத்துல பேசிக்கிறாங்க. அம்மா உத்தரவு குடுக்கவே இல்ல, ஏமாத்திக் கூட்டிட்டுப் போனதாலதான் புள்ளைய எடுத்துகிச்சுன்னு சொல்றாங்க." கொஞ்சம் நிறுத்தி, "நீங்களாக்கா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. அவனுக்கு யாராவது ஒரு பதில் சொன்னால் போதும் என்றிருந்தது.

"நான் இல்ல தம்பி" என்றேன். அவன் நம்பினானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இரண்டு நாள் கழித்துப் பூசாரி விபூதிப் பொட்டலத்தோடு ஆஸ்பத்திரி கேட்டடியில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. நான் வெளியே போனேன். சுற்றி வளைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

"ரெண்டுலயும் வெள்ளயத்தான் வச்சீங்களா?"

அவர் ரோட்டைப் பார்த்தார்.

"மூச்சப் பாத்தேம்மா. செவப்பு வந்திருச்சுன்னா என்னா பண்றது?"

"அப்ப அத லயத்துல வந்து சொல்லுங்க. நான் மாத்துனேன்னு பேசுறாங்க."

"சாமி கேட்டா நான் சொல்லிக்குவேன்" என்றார். "ஆளுங்க கேட்டாச் சொல்ல முடியாதும்மா. நாளைக்கு ஒரு புள்ளைக்கு அம்மா வந்தா நான் கட்டுற பூவ யாரு நம்புவா? போவச் சொல்லி வெள்ள வந்தாலும் நம்ப மாட்டாங்க."

எனக்கு அந்த மனிதரின் காலில் விழ வேண்டும் என்றும் இருந்தது, கன்னத்தில் அறைய வேண்டும் என்றும் இருந்தது. விபூதியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். என் தங்கை உயிரோடு இருப்பது அந்தப் பொய்யால். அவர் அன்றைக்கு நேர்மையாகப் பூக்கட்டியிருந்தால், பாதிக்குப் பாதி அவளும் மண்ணுக்குள் போயிருப்பாள். அவரைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. என்னை நான் காட்டிக்கொடுக்கவும் மனம் வரவில்லை. உண்மை எப்படியாவது தானாக வெளியே வந்துவிடும் என்று, கேணைச்சி மாதிரி நம்பிக்கொண்டிருந்தேன்.

தங்கையை வீட்டுக்கு அனுப்பிய பிறகு மாமியார் அவளுக்கு மூன்று தண்ணீரும் ஊற்றினாளாம். என்னைக் கூப்பிடவில்லை. போன் எடுத்தால் தங்கை இரண்டு வார்த்தை பேசிவிட்டு வேலை இருக்கிறது என்று வைத்துவிடுவாள். பிள்ளையை இழந்தவள், அப்படித்தான் இருப்பாள் என்று நானும் விட்டுவிட்டேன்.

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் கொடியேற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால், சொல்லாமல் கொள்ளாமல் அவள் என் கடைக்கு வந்தாள். தனியாக வந்திருந்தாள். முகத்தில் தழும்புகள் கறுத்துக் கிடந்தன. உடம்பு பாதியாகப் போயிருந்தது. பையிலிருந்து மஞ்சள் துணி எடுத்து மேசையில் வைத்தாள்.

"பால்கொடம் எடுக்கப் போறேன்க்கா. நேத்திக்கடன். ரவிக்க தச்சுக் குடு."

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அவளை நிற்க வைத்தேன். பழைய அளவு ஒன்றும் சரிவரவில்லை. தோள் அளவு எடுக்கிறபோது முதுகுப் பக்கமாக நின்றிருந்தேன். அப்போது அவள் சொன்னாள்.

"பூவ நீதான் மாத்துனன்னு சொல்லிட்டேன்."

நாடா என் கையிலேயே நின்றது.

"யாருகிட்ட?"

"எல்லார்கிட்டயும். அத்தகிட்ட, கோயில் கமிட்டியில, எல்லார்கிட்டயும்."

"யாரு மாத்துனதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். பூசாரி எங்கிட்ட வந்து சொல்லிட்டாரு. அழுதாரு." அவள் திரும்பவில்லை. "அவரு பேரு வெளிய வந்தா அவர கோயில்ல வைக்க மாட்டாங்க. அப்பறம் எங்களுக்கு யாருக்கா இருக்கா? இன்னொண்ணு. நானா சம்மதிச்சுப் போனேன்னு இருந்தா, புள்ளைய நானே தின்னுட்டேன்னு காலம் பூரா சொல்லுவாங்க. நீதான் என்னைய ஏமாத்திக் கூட்டிட்டுப் போனன்னு ஆச்சுன்னா, எம்மேல குத்தம் இல்ல. அத்த இப்பதான் எங்கூடப் பேசுது, சோறு போடுது."

"அப்ப குத்தம் என் மேலயா?"

"நீ பண்டாரவளையில இருக்க" என்றாள். "உனக்கு வேற கோயில் இருக்கு, வேற சனம் இருக்கு. எனக்கு அந்த லயம் மட்டுந்தான."

பேசினால் எது வெளியே வந்திருக்கும் என்று எனக்கே பயமாக இருந்தது. உன்னை வாசல் தாண்ட வைத்தவள் நான், இப்போது நீ என்னை வாசலில் ஏற்ற மாட்டாயா என்று கேட்க வாய் துடித்தது. அவள் தோளில் என் கை இருந்தது. மூச்சு ஒரே சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"நீ தூக்கிட்டுப் போவலன்னா நான் செத்திருப்பேன்னு எனக்குத் தெரியும்க்கா" என்றாள் கடைசியில். "ஆனா அத நான் வெளிய சொல்ல மாட்டேன். நீ எதிர்பாக்காத."

மீதி அளவையும் எடுத்தேன். புதன்கிழமை வந்து வாங்கிக்கொள் என்றேன். டீ குடித்துவிட்டுப் போ என்றேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"திருவிழாவுக்கு அம்மா, அண்ணன், அண்ணி எல்லாரும் வர்றாங்க. நீ மட்டும் வந்துறாத."

சரி என்றேன். ரவிக்கையை நல்லபடியாகத்தான் தைத்துக் கொடுத்தேன்.